மாண்டிசோரி மழலையருக்கு மட்டுமா?

ஜூன் நெருங்கினால் நம் நகரில் பள்ளிச் சேர்க்கைதான் பேச்சு. "இப்போதைக்கு மாண்டிசோரி, ஒன்றாம் வகுப்புக்குப் பெரிய பள்ளியில் போட்டுவிடலாம்" என்று பெற்றோர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மாண்டிசோரி என்றாலே மழலையர் வகுப்பு என்று பழகிவிட்டோம். அந்தப் பெயருக்குரிய அம்மையார் நம் மாநிலத்தில் வாழ்ந்தவர் என்பதும், பெரிய பிள்ளைகளுக்கான கல்வியை இங்கே விரிவாக்கினார் என்பதும் பலருக்குத் தெரியாது.

மரியா மாண்டிசோரி 1870-இல் இத்தாலியில் பிறந்த மருத்துவர். 1907-இல் ரோம் நகரில், ஏழைத் தொழிலாளர் வசித்த சான் லொரென்சோவில் முதல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். 1939-இல் பிரம்மஞான சபை அழைக்க, மகன் மரியோவுடன் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். சில மாதங்களில் திரும்புவதாகத்தான் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு இருவரையும் எதிரி நாட்டவராகக் கருதியது. மரியோவைக் காவலில் வைத்தார்கள். அம்மையாருக்குச் சபை வளாகமே எல்லை. அவருடைய 70-ஆவது பிறந்தநாளில்தான் மகன் விடுதலையானார். ஐரோப்பா திரும்ப 1946 ஆகிவிட்டது.

இடையில் 1942 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படித்தார்கள். மலை, செடிகொடி, பூச்சி எல்லாமே பாடமாயின. உலகம் தோன்றியது முதல் மனிதன் எழுதக் கற்றது வரை ஒரே கதையாகச் சொல்லி, அதிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் செல்லும் முறை அங்கே உருப்பெற்றது.

வளர்ச்சியை அவர் ஆறாறு ஆண்டுகளாக, 24 வயது வரை நான்கு கட்டங்களாகப் பிரித்தார். ஆறு வயது வரை குழந்தை கையாலும் புலன்களாலும் கற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை கற்பனையும், 'ஏன்' என்ற கேள்வியும், நியாய அநியாயமும், நண்பர் கூட்டமும் முக்கியம். பன்னிரண்டுக்கு மேல் உடலும் மனமும் மீண்டும் பச்சைக் குழந்தையைப்போல மென்மையாகின்றன. அப்போது தேவை மதிப்பும் உண்மையான வேலையும். அந்த வயதினர் பயிரிட்டு, கடை நடத்தி, வரவு செலவு பார்க்க வேண்டும் என்றார். கடைசிக் கட்டம், சமூகத்தில் தன் இடத்தைத் தேடும் இளைஞருடையது. ஒரு கட்டத்துக்கு உதவிய முறை அடுத்ததற்குப் போதாது என்பதே அவர் சொன்னதன் சாரம்.

ஏழு வயதில் "ஏன்?" என்று ஓயாமல் கேட்ட என் மகனை, வங்கியிலிருந்து களைத்து வந்த நான் "பேசாமல் எழுது" என்று அடக்கியிருக்கிறேன். பிறகு அவன் கேட்பதையே விட்டுவிட்டான். அப்போது அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இன்று அப்படி இல்லை.

உங்கள் வீட்டில் கேள்வி கேட்கும் வயதில் பிள்ளை இருந்தால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பதின்ம வயதினர் இருந்தால் ஒரு வேலையை நம்பி ஒப்படையுங்கள். நம் சங்கப் பொங்கல் விழாவின் கணக்கை இந்த முறை இரண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்ப்போமே! சரிபார்க்க நான் இருக்கிறேன்.