டிஜிட்டல் டாக்கோமீட்டர்

டிஜிட்டல் டாக்கோமீட்டர் என்பது மோட்டார், மின்விசிறி, கடைசல் இயந்திரம் போன்றவற்றின் தண்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதை அளந்து எண்ணாகக் காட்டும் கருவி. இந்த வேகத்தின் அலகு ஆர்பிஎம். தண்டு சுற்றும்போது உணரி மின்துடிப்புகளை உண்டாக்கும். மைக்ரோகன்ட்ரோலர் அவற்றைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடும். எளிய பாகங்களாலேயே இதைக் கட்டலாம். அளவின் நுணுக்கம் பெரும்பாலும் கணக்கிடும் முறையைப் பொறுத்தது.

உணரி

ஒளி உணரி, தண்டில் ஒட்டிய பளபளப்பான நாடாவில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியைக் கண்டறியும். வெளி வெளிச்சம் இதைக் குழப்பலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்கும் பழைய சோக் வகைக் குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும். சுற்றுக்கு ஒரு துடிப்பு என அமைத்த கருவி அதை 6000 ஆர்பிஎம் என்று காட்டக்கூடும். ஹால் உணரி காந்தப்புலத்தை மட்டுமே அறிவதால் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் வெளிச்சமும் அதைப் பாதிப்பதில்லை.

மின்சுற்று

ஏ3144 ஹால் உணரிக்கு, ஆர்டுயினோ யூனோ ஆர்3 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் 5 வோல்ட் மின்சாரமே போதும். அதன் வெளியீடு திறந்த கலெக்டர் வகை என்பதால், வெளியீட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோஓம் மின்தடை வேண்டும். வெளியீட்டை யூனோவின் 2ஆம் முனையில் இணைக்க வேண்டும். உணரியின் மின்முனைகளுக்கு அருகில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தால் மோட்டாரின் மின்னிரைச்சல் குறையும். தண்டில் ஒட்டும் காந்தத்தின் தென்முனை, உணரியில் எழுத்து அச்சிட்ட பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். காந்தத்தை எபாக்சி பசையால் உறுதியாக ஒட்டி, எதிர்ப்புறம் அதே எடையைப் பொருத்தினால் தண்டு அதிராது.

கணக்கிடும் முறைகள்

முதல் முறை, குறிப்பிட்ட நேரத்தில் வரும் துடிப்புகளை எண்ணுவது. சுற்றுக்கு ஒரு துடிப்பு வீதம் ஒரு வினாடி எண்ணினால், அளவு 60 ஆர்பிஎம் படிகளாகவே மாறும். 1450 ஆர்பிஎம்மில் சுற்றும் மோட்டாருக்கு 1440 அல்லது 1500 என்றே காட்டும்.

இரண்டாம் முறை, அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளப்பது. 6 கோடியை மைக்ரோவினாடிக் கணக்கிலுள்ள அந்த நேரத்தால் வகுத்தால் ஆர்பிஎம் கிடைக்கும். யூனோவின் நேரக்கணக்கு 4 மைக்ரோவினாடிப் படிகளில் நகர்கிறது. 1450 ஆர்பிஎம்மில் இதனால் வரும் வேறுபாடு ஏறத்தாழ 0.14 ஆர்பிஎம் மட்டுமே. ஆனால் 30,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 2000 மைக்ரோவினாடிதான். அங்கே அதே 4 மைக்ரோவினாடி 60 ஆர்பிஎம் வேறுபாடாகிவிடும். ஆகவே மெதுவான தண்டுக்கு நேரத்தை அளப்பதும், மிக வேகமான தண்டுக்குப் பல சுற்றுகளின் மொத்த நேரத்தை அளந்து சராசரி காண்பதும் பொருத்தமானவை.

நிரல்

ஒவ்வொரு துடிப்பையும் இன்டரப்ட் (இடைமறிப்பு) வழியாகப் பதிவு செய்ய வேண்டும். யூனோவில் உள்ளது 8 பிட் செயலி என்பதால் 32 பிட் நேர மதிப்பை ஒரே படியில் படிக்க இயலாது. படிக்கும்போது இன்டரப்டைச் சற்று நிறுத்தாவிட்டால் தவறான எண் கிடைக்கலாம். சில வினாடிகள் துடிப்பே வராவிட்டால் சுழியம் காட்டவும் நிரலில் வழி வேண்டும். இல்லையேல் நின்றுபோன தண்டுக்கும் பழைய வேகமே திரையில் நிற்கும்.

சரிபார்ப்பு

யூனோ ஆர்3 பலகையில் மையச் செயலியின் நேரத்துடிப்பைத் தருவது பீங்கான் ஒத்ததிர்வி. அது குவார்ட்ஸ் படிகம் அளவுக்குத் துல்லியமானதன்று. எனவே சரிபார்ப்பு அவசியம். உணரியைக் கழற்றிவிட்டு, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 5 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சதுர அலையை 2ஆம் முனைக்குக் கொடுத்தால் திரை 3000 காட்ட வேண்டும். விலகல் இருந்தால், அந்த விகிதத்தை நிரலின் கணக்கில் சேர்த்துத் திருத்தலாம்.