மழைக்கணக்கும் மிராசுக்கணக்கும்

மதுராந்தகம் ஏரிக்கரையில் நடக்கும்போதெல்லாம் எங்க ஆயா சொல்லும்: “தாது வருசம் வானம் பொய்ச்சுது, ஜனம் செத்துது.” அது, தன் ஆயாகிட்ட கேட்ட சேதி.

தாது வருசம் 1876. சென்னை வானாய்வு நிலையத்தில் 1813 முதல் மழைக்கணக்கு உண்டு. ஆயா சொன்னது மெய்தான். அந்த ஆண்டு வழக்கமான மழையில் பாதிகூட இல்லை.

ஆனால் மழைமானி அங்குலம் மட்டும்தானே சொல்லும்? மிராசுதார் குதிருக்கும் சேரிப் பானைக்கும் ஒரே வானம்தான் பொய்த்தது. பிறகு ஏன் நிலமில்லாத சனமே கொத்துக்கொத்தாகச் செத்தது?

இன்னொரு ஏட்டைப் பக்கத்தில் வைத்துப் படிக்கணும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை. தரிசு நிலத்தைப் பறையர் கேட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை என்கிறது. நடுவில் பதினைந்து மழைக்காலம் போயிருக்கிறது!

நமக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை 1892இல்தான் வந்தது. அதில் இப்ப நம்ம கையில மிஞ்சினது எவ்வளவுன்னு ஆயா விரல் விட்டே எண்ணிடும்.