டியூனிஸ் கேம்ப்பெல்

டியூனிஸ் கேம்ப்பெல் (ஏப்ரல் 1, 1812 – டிசம்பர் 4, 1891) அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜார்ஜியா மாநில மேலவை உறுப்பினராகவும், டாரியன் நகரில் உள்ளூர் நீதிபதியாகவும் பணியாற்றிய கறுப்பினத் தலைவர் ஆவார்.

தொடக்க வாழ்க்கை

நியூ ஜெர்சி மாநிலத்தில் அடிமைநிலையில் இல்லாத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். இவரது தந்தை ஒரு கொல்லர். நியூயார்க், பாஸ்டன் நகரங்களின் உணவு விடுதிகளில் பணிபுரிந்த கேம்ப்பெல், விடுதி நடத்தும் முறை குறித்து 1848 இல் ஒரு கையேடு வெளியிட்டார். அடிமை முறைக்கு எதிராக மேடைகளிலும் பேசிவந்தார்.

தீவுகளில் பணி

உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், கைவிடப்பட்ட கடலோர நிலங்களை, விடுதலை பெற்றவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்தளிக்க ஜெனரல் ஷெர்மன் 1865 ஜனவரியில் ஆணையிட்டார். அவ்வாண்டே கேம்ப்பெல் ஜார்ஜியாவின் கடல் தீவுகளுக்கு மேற்பார்வையாளர் ஆனார். செயின்ட் கேத்தரின்ஸ் தீவில் மக்கள் தாங்களே ஆளும் ஓர் அமைப்பையும் பள்ளிகளையும் ஏற்படுத்தினார். ஆனால், குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய உரிமையாளர்களிடமே திருப்பிக் கொடுக்கச் செய்தார். கேம்ப்பெல் பதவியிழந்து, மெக்கின்டாஷ் மாவட்டத்தில் குடியேறினார்.

பதவியும் நீக்கமும்

மாநிலத்தின் புதிய அரசியலமைப்பை வகுத்த மாநாட்டில் அவரும் உறுப்பினர். 1868 இல் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில், கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை உண்டே தவிரப் பதவி வகிக்கும் உரிமை இல்லை எனக் கூறி, வெள்ளையின உறுப்பினர்கள் அவரையும் பிறரையும் அவைகளிலிருந்து வெளியேற்றினர். தாம் உருவாக்கப் பங்களித்த சட்டமே தமக்கு எதிராகத் திருப்பப்பட்டதை அவர் கண்டார். நடுவண் அரசு தலையிட்டதால் 1870 இல் மீண்டும் அவையில் அமர்ந்தார்.

சிறைவாசம்

டாரியனில் நீதிபதியாக இருந்தபோது, கறுப்பினத் தொழிலாளரைத் துன்புறுத்திய வெள்ளையர்களையும் கைது செய்ய அவர் தயங்கவில்லை. இதனால் நில உடைமையாளர்களின் பகைக்கு ஆளானார். நீதிபதி அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என வழக்குகள் தொடுக்கப்பட்டு, 1876 இல் தண்டிக்கப்பட்டார். கைதிகளைத் தனியாருக்கு வாடகைக்கு விடும் முறை அப்போது ஜார்ஜியாவில் இருந்தது. அறுபது வயதைக் கடந்த முன்னாள் மேலவை உறுப்பினர், கைதியாக ஒரு தோட்டத்தில் உழைக்க நேர்ந்தது. அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம், குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய உழைப்பை விலக்காக அனுமதித்தது என்பதை மாணவர்கள் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இறுதிக் காலம்

விடுதலையான பின் ஜார்ஜியாவை விட்டு வெளியேறி, தம் துன்பங்களை விவரிக்கும் சிறுநூலை 1877 இல் வெளியிட்டார். பாஸ்டனில் காலமானார். கைதிகளை வாடகைக்கு விடும் முறை 1908 இல்தான் ஜார்ஜியாவில் ஒழிக்கப்பட்டது. வெளியேற்றப்பட்ட உறுப்பினர்களை நினைவுகூரும் சிலை இன்று அட்லாண்டாவில் மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் நிற்கிறது.