சரக்கு லாரி நிறுவனங்களின் பதிவு, பாதுகாப்புச் சரிபார்ப்பு (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநில எல்லை கடந்து சரக்கேற்றும் லாரி நிறுவனங்களை, 2000 ஜனவரி 1 முதல் இயங்கும் கூட்டாட்சி மோட்டார் ஊர்திப் பாதுகாப்பு நிர்வாகம் கண்காணிக்கிறது. நிறுவனத்தின் அடையாளமாகிய போக்குவரத்துத் துறை எண் லாரியின் இருபுறமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவோர் பொதுவாக இதனுடன் இயக்க உரிமையும் பெற வேண்டியிருப்பதால், எண் இருப்பது மட்டுமே தொழில் நடத்தும் அனுமதிக்குச் சான்றாகாது.

இந்நிர்வாகத்தின் 'சேஃபர்' எனும் இணையத் தரவகத்தில் நிறுவனத்தின் எண்ணையோ பெயரையோ இட்டால், வண்டிகள், ஓட்டுநர்களின் எண்ணிக்கையும், முந்தைய 24 மாதங்களின் சாலைத் தணிக்கைகள், விபத்துகள் பற்றிய விவரமும் கட்டணமின்றிக் கிடைக்கும். கடும் குறை கண்டு, சரிசெய்யும் வரை ஓடவிடாமல் நிறுத்தப்பட்ட வண்டிகளின் விழுக்காடு தேசியச் சராசரியுடன் சேர்த்துத் தரப்படுவதே இப்பதிவில் மிகப் பயனுள்ள பகுதி எனலாம். விபத்துப் பட்டியலோ தவறு யாருடையது என்று பாராமல் தொகுக்கப்படுவது. 'நிறைவு', 'நிபந்தனைக்குட்பட்டது', 'நிறைவின்மை' என்னும் தரமதிப்பீடு நேரடி ஆய்வுக்குப் பின்னரே வழங்கப்படுவதால் பல நிறுவனங்களுக்கு அது இல்லை. இருப்பதும் பழையதாக இருக்கலாம். இத்தரமதிப்பீட்டிலிருந்து வேறான, 2010இல் தொடங்கிய பாதுகாப்பு மதிப்பெண் முறையில் சரக்கு நிறுவனங்களுக்குரிய ஒப்பீட்டு மதிப்பெண்கள், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொதுப் பார்வையிலிருந்து நீக்கப்பட்டன.

மோசமான பதிவைக் கைவிட்டுப் புதுப் பெயரிலும் புது எண்ணிலும் மீண்டும் கிளம்பும் 'பச்சோந்தி நிறுவனங்கள்' இம்முறையின் பெரிய ஓட்டை. முகவரி, தொலைபேசி எண், பழைய வண்டிகள் முதலியவற்றை ஒப்பிட்டே அவற்றை அடையாளம் காண முடிகிறது. பாதுகாப்புப் பதிவோடு காப்பீட்டையும் பார்க்க வேண்டும்: பெரிய லாரிகளில் பொதுச் சரக்கை வாடகைக்கு ஏற்றும் நிறுவனத்துக்குக் குறைந்தது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு கட்டாயமாகும். அது காலாவதியானால் இயக்க உரிமை ரத்தாகக்கூடும்.