கேம் கண்ட்ரோலர்: இந்தியாவில் வகைகளும் தேர்வும்

கேம் கண்ட்ரோலர் என்பது ஆடுபவரின் விரலசைவை மின்சமிக்ஞையாக்கி வீடியோ கேம் கன்சோலுக்கு அனுப்பும் கருவி. இந்தியாவில் பலரும் இதை ஜாய்ஸ்டிக் என்றே சொல்கிறார்கள்.

வரலாறு

நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982இல் டாங்கி காங் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காகக் கூட்டல்குறி வடிவத் திசைப்பொத்தானை (டி-பேட்) உருவாக்கினார். 1983இல் வெளியான அந்நிறுவனத்தின் ஃபேமிகாம் கன்சோல் அதைப் பரவலாக்கியது. 1997இல் சோனியின் டூயல்ஷாக் கண்ட்ரோலர் இரண்டு அனலாக் குச்சிகளையும் அதிர்வையும் ஒன்றிணைத்தது. இன்றைய கண்ட்ரோலர்கள் பெரும்பாலும் அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன.

இந்தியாவில்

1990களில் நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். மரியோ, கான்ட்ரா கேசட்டுகளுடன் இரண்டு கண்ட்ரோலர்களும் திரையைக் குறிவைக்கும் ஒரு பொம்மைத் துப்பாக்கியும் அவற்றோடு வந்தன. சேகாவின் மெகா டிரைவ் கன்சோலை ஷா வாலஸ் நிறுவனம் இங்கே விநியோகித்தது. எக்ஸ்பாக்ஸ் 360 2006 செப்டம்பரிலும், பிளேஸ்டேஷன் 5 2021 பிப்ரவரி 2 அன்றும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன.

பழைய கன்சோலுக்கு

நகல் கன்சோல்களில் பலவும் மெகா டிரைவும் ஒரே தோற்றமுள்ள 9 முனை பிளக்கையே பயன்படுத்துகின்றன. உள்ளே வயரிங் வேறு. செருக முடிகிறது என்பதற்காக மாற்றிச் செருகினால் கருவி பழுதாகலாம். அக்காலத் துப்பாக்கி படக்குழாய் டிவியில்தான் வேலை செய்யும். எல்இடி டிவியில் குறி பதியாது. இருபரிமாண ஆட்டங்களுக்குத் துல்லியமான டி-பேட் முதல் தேவை. மெகா டிரைவ் சண்டை ஆட்டங்களுக்கு ஆறு பொத்தான் வகை ஏற்றது.

புதிய கன்சோலுக்கு

பிளேஸ்டேஷன் 5 ஆட்டங்களை பிளேஸ்டேஷன் 4இன் கண்ட்ரோலரான டூயல்ஷாக் 4 கொண்டு நேரடியாக ஆட முடியாது. ஆனால் அதே கன்சோலில் பிளேஸ்டேஷன் 4 ஆட்டங்களை அதைக் கொண்டு ஆடலாம். எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலர்களோ சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் இயங்கும். தொடாமலே குச்சி தானாக நகர்வதுபோல் திரையில் தெரிவது ‘டிரிஃப்ட்’ கோளாறு. குச்சியின் நகர்வை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் உரசும் பாகங்கள் தேய்வது இதற்கு முக்கியக் காரணம். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் உணரியில் அந்த உரசல் இல்லாததால் ஆயுள் கூடும். சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோல் 1998லேயே இந்த உணரியைக் கையாண்டது. உடல் இயக்கம் குறைந்தவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2018இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரைக் கொண்டுவந்தது.

தேர்வு

முதலில் கன்சோலுடன் பொருத்தம், அடுத்து ஆடும் ஆட்டத்தின் வகை, பிறகு கைக்கு ஏற்ற அளவு, கடைசியாக விலை என்ற வரிசையில் பார்த்து வாங்குவதே சரியான முறை.