மணவீட்டுப் பாய்

இலங்கையின் கிழக்கே, மருதமுனையில் தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று, கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியும் நெருக்க நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்கரையில் அடுத்தடுத்து அமைந்த முஸ்லிம் ஊர்களில், கலியாண அலங்காரம் என்பது ஒரு காலத்தில் பெண் வீட்டாரின் கைகளிலேயே பிறந்து, அவ்வீட்டு முற்றத்திலேயே முற்றுப்பெற்ற காரியமாக இருந்தது. பந்தற்காலில் கட்டிய குருத்தோலைத் தோரணமும், வர்ணக் கடதாசியை மடித்துக் கத்தரித்துக் கோத்த பூச்சரமும், மணவறையின் முகட்டை மறைத்து விரித்த துணி விதானமும், மணப்பெண்ணின் விரல்களில் சிவந்த மருதோண்டியும் இவ்வலங்காரத்தின் அங்கங்களே. ஆயினும் இவற்றுள் பிரதானமான ஸ்தானத்தைத் தரையில் விரிந்து கிடந்த பன்பாய்க்கே கொடுக்க வேண்டும் என்பது என் துணிபு.

இதற்குக் காரணம் அப்பிரதேசத்தின் குடும்ப அமைப்பில் இருக்கிறது. இங்கே மணமகள் புகுந்த வீடு தேடிப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருகிறார். முஸ்லிம்களும் அவர்களுக்கு அயலிலே வாழும் தமிழரும் ஒருங்கே கைக்கொண்ட குடிமுறையில், குடி என்னும் குலப்பிரிவு பிள்ளைக்குத் தாய்வழியாகவே வருகிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்கார் அமர்ந்ததும் அந்தத் தாய்வழியை அனுசரித்தே. கண்டி மன்னன் செனரத், போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட ஏறத்தாழ 4,000 முஸ்லிம்களை 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று சொல்லப்படுகிறது. அவர்களுக்கு முன்னும் பின்னும் இக்கரையில் சேர்ந்தவர்களெல்லாம், இஸ்லாமிய ஷரீஅத்தை மார்க்கமாகவும் தாய்வழிக் குடியைச் சமூக வழக்கமாகவும் ஒன்றோடொன்று முரணாமல் போற்றி வந்தனர். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, 2008இல் வெளியிட்ட தமது பெருநூலில் இவ்வழக்கத்தை விரிவாக விளக்கியிருக்கிறார். மகளுக்குக் கலியாணம் பேசிவிட்டால், பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே அவளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, பக்கத்திலே சிறு வீடு கட்டி ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. வீடே மகளுடையதாகி, அதற்குள் மாப்பிள்ளையாக ஒருவர் வந்து அமரப்போகிறார் என்னும்போது, அவர் முதன்முதல் அமரும் பாய் அவ்வீட்டுப் பெண்களின் பெருமைக்குரியதாக ஆனதில் ஆச்சரியமில்லை.

அந்தப் பாய் உருவாகும் விதத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். வயலோரத் தாழ்வுகளிலும் குளக்கரைகளிலும் விளையும் பன் என்னும் புல்லை அறுத்து, நீளம் பார்த்துப் பிரித்து, வெயிலிலே உலர்த்தித் தட்டையாக்கி, வேண்டிய அளவை மட்டும் சாயத்திற்கு ஒதுக்குவார்கள். பதங்கிக் கட்டையைச் சிராய்களாக்கிக் கொதிக்கவைத்தால் சிவப்பும், மஞ்சளில் காய்ச்சினால் பொன்னிறமும் ஏறும். பிறகுதான் இழைத்தல். தறி ஏதும் இல்லை. தரையிலே குந்தியிருந்து, இழைத்து முடித்த பகுதியைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து சாய்வாகப் பன்னை மேலும் கீழுமாக மாற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். சாயமிட்ட பன் எவ்விடத்தில் மேலெழ வேண்டும், எவ்விடத்தில் கீழே மறைய வேண்டும் என்பது முழுவதும் மனக்கணக்கு. ஓர் இழை பிசகினால், நாலு விரற்கிடைக்கு அப்பால் கட்டம் கோணிப் போய்விடும். கடைசியில் எஞ்சிய நுனிகளை உள்ளே மடித்துச் செருகி, மிகுதியை வெட்டிவிட்டால் ஓரம் பிரியாமல் நிற்கும். இக்கணக்கை ஏட்டில் எழுதி வைத்தவர் இல்லை. மூத்தம்மாவின் விரல்களைப் பார்த்து உம்மாவும், உம்மாவின் விரல்களைப் பார்த்து மகளும் பழகிக்கொண்ட கல்வி அது.

கடலுக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையிலும் முஸ்லிம் குடும்பங்களே கோரைப்பாய் நெசவில் கீர்த்தி பெற்றன; மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே நெய்து கொடுக்கும் வழக்கமும், 2013இல் கிடைத்த புவிசார் குறியீடும் அவ்வூரின் புகழைப் பரப்பின. ஆனால் அங்கே பருத்தி நூலைப் பாவாக ஓட்டி, தறியிலிட்டு, விற்பனைக்கென்றே நெய்கிறார்கள். கல்முனைக் கரையின் மணவீட்டுப் பாயோ சந்தையை நோக்கிப் பிறந்ததன்று. அது ஒரு வீட்டுக்காக, ஒரு மகளுக்காக இழைக்கப்பட்டது. ஆகவேதான் புகழும் பெறவில்லை, பெயரும் பெறவில்லை. முஸ்லிம்களின் விவாகம் பற்றிய 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் மஹரையும் கைக்கூலியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாப்பிள்ளைக்குக் கொடுத்த பணத்திற்குச் சட்டத்தில் இடம் உண்டு, தாய் மாதக்கணக்கில் இழைத்த பாய்க்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. நம் சரித்திரகாரர்கள் இக்கைவினையைக் கவனியாமல் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கலியாண நாளில் இப்பாய்க்குக் கிடைத்த மரியாதையும் சிறிதன்று. மாப்பிள்ளை வாசலை அணுகியதும் பெண்கள் குரவையிட, அவரை அழைத்து வந்து அமர்த்தும் இடம் இதுவே. வெற்றிலை வட்டா வைக்கப்படுவதும், விருந்தினர் வட்டமாக அமர்ந்து ஒரே சகன் தட்டில் கைவைத்துச் சாப்பிடுவதும் பாயின் மீதுதான். பார்க்க வந்த மாமிமாரும் ராத்தாமாரும் மணப்பெண்ணின் நகையைப் பார்ப்பதோடு பாயின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்துப் போவார்கள்.

1856இல் லண்டனில் பேர்க்கின் என்ற இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுத்ததன் பலன், வெகுகாலம் கழித்து இவ்வூர்க் கடைகளிலும் பொட்டலமாக வந்து சேர்ந்தது. பதங்கிக் கட்டை மெல்ல மறைந்தது. அது கைவினையைக் குலைக்கவில்லை, நிறத்தை மட்டுமே மாற்றியது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரமும் அரபு நாட்டுச் சம்பாத்தியமும் கொணர்ந்த கதிரை, கட்டில், பிளாஸ்டிக் பாய், செயற்கைப் பூ ஆகியவையே தரையிலிருந்த கலியாணத்தை ஆசனத்துக்கு உயர்த்தின. பிற்பாடு மண்டபங்கள் வந்தன. வீட்டு வாசலுக்கு வர வேண்டிய மாப்பிள்ளை மண்டப மேடைக்கு வந்தார். அலங்காரமும் கூலிக்கு வந்து கட்டிக் கழற்றிப் போகும் தொழிலாயிற்று.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது மருதமுனையும் சாய்ந்தமருதும் கல்முனைக்குடியும் கரையோரத்தில் பேரழிவுக்கு ஆளாயின. மகள்மாருக்கென்று கட்டிய வீடுகள் உள்ளிருந்த பொருள்களோடு போயின. வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற அரசாங்க விதி, கடலும் வயலும் நெருக்கும் இந்த ஒடுங்கிய நிலத்தில் பெருந்துன்பமாயிற்று. எனினும் உதவி நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த வீடுகளையும் மக்கள் மகள்மாரின் சீதனமாகவே எண்ணினர் என்பதை, மக்கில்வ்றேயும் பற்றீசியா லோறன்சும் 2010இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. சீதன வீடு இன்னும் நிற்கிறது. மாப்பிள்ளையும் இன்னும் அவ்வீட்டுக்கே வருகிறார். பன் இழைக்கத் தெரிந்த மூத்தம்மாமார் சிலர் இருக்கும்போதே, அவர்களுடைய இழைக்கணக்கை ஒருவர் அருகிலிருந்து படம் வரைந்து எழுதிக்கொள்ள வேண்டும். சாயம் காய்ச்சும் பக்குவத்தையும், ஓரம் மடிக்கும் முறையையும் விடாமல்.