ஓபர்லின்: 79க்கும் 35க்கும் இடையில்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஓபர்லின் கல்லூரி வளாகத்தில் உள்ள ஆடம் ஜோசப் லூயிஸ் சுற்றுச்சூழல் கல்வி மையம் 2000இல் பயன்பாட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து அதைப் பற்றிய எழுத்துகள் இரண்டு முகாம்களாகப் பிரிந்தே வந்துள்ளன. ஒரு முகாமுக்கு அது பசுமைக் கட்டடக் கலையின் முன்னோடி. மற்றதற்கு, வாக்குறுதி அளித்த ஆற்றல் கணக்கை எட்டாத விளம்பரம். இரண்டாம் முகாமின் அளவீடுகளை இக்கட்டுரை ஏற்கிறது. அவற்றிலிருந்து பெறப்படும் முடிவை ஏற்கவில்லை.

வில்லியம் மெக்டொனா வடிவமைத்து, பேராசிரியர் டேவிட் ஓர் முன்னின்று எழுப்பிய இந்தக் கட்டடம் 13,600 சதுர அடிதான். எரிவாயு இணைப்பு கிடையாது, எல்லாம் மின்சாரம். 24 ஆழ்துளைக் குழிகள் வழியே நிலத்தின் வெப்பத்தைப் பயன்படுத்தும் வெப்ப ஏற்றிகள், கழிவுநீரைச் செடிகளும் நுண்ணுயிர்களும் தூய்மைசெய்யும் கண்ணாடிக்கூடம், கூரையில் 60 கிலோவாட் சூரியத் தகடுகள் என்று ஏற்பாடுகள் இருந்தன. பயன்படுத்துவதைவிட அதிக மின்சாரத்தை உற்பத்தி செய்ய வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. தொடக்க ஆண்டுகளில் அது நடக்கவில்லை. நிலவெப்பத்தை நம்பிய கட்டடத்தில் ஒரு மின் கொதிகலனும் இடம்பிடித்திருந்தது. குளிர்காலக் கணக்கு கெட்டதில் அதற்குப் பெரிய பங்குண்டு. இதை வெளிக்கொண்டு வந்தவர் அதே கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஒருவர்.

சர்ச்சையின் மையமாக எடுத்துக்கொள்ள வேண்டிய சான்று வேறு. அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் இக்கட்டடத்தை அளந்து 2004இல் தனி அறிக்கையும், 2006இல் ஆறு கட்டடங்களை ஒப்பிடும் அறிக்கையும் வெளியிட்டது. ஒப்பீட்டில் ஓபர்லினுக்கு நேராக இரண்டு எண்கள் நிற்கின்றன: நிகர ஆற்றல் சேமிப்பு 79 விழுக்காடு, ஆற்றல் செலவில் சேமிப்பு 35 விழுக்காடு. பாராட்டுவோர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ஐயுறுவோர் அந்த எண்ணையே மறுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தவர்கள் குறைவு.

79 எதோடு ஒப்பிட்டுக் கிடைத்தது? நிலத்தில் நிற்கும் வேறொரு கட்டடத்தோடு ஒப்பிடவில்லை. கட்டட விதிகளின் குறைந்தபட்சத் தேவையை மட்டும் நிறைவேற்றும் ஒரு கற்பனைக் கட்டடத்தைக் கணினியில் உருவாக்கி, அதன் நுகர்வோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். தவிர, 'நிகர' என்பதால் கூரைத் தகடுகளின் உற்பத்தியும் கழிக்கப்பட்டிருக்கிறது. சுவரும் சாளரமும் காற்றோட்டமும் சேமித்தது எவ்வளவு, தகடுகள் ஈடுகட்டியது எவ்வளவு என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. ஐயுறுவோரின் எதிர்ப்பில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் 35ஐ என்ன செய்வது? மின் கட்டணம் அலகுக் கணக்கோடு முடிவதில்லை. மாதத்தில் எந்த ஒரு குறுகிய நேரத்திலாவது எட்டப்பட்ட உச்சத் தேவைக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நம் ஊரில் உயரழுத்த இணைப்பு வைத்திருப்போருக்கு இது பழகிய தலைவலி. சூரியத் தகடுகள் ஆண்டு மொத்தத்தைக் குறைக்கும். பனி மூடிய ஜனவரிக் காலையில் வெப்ப ஏற்றிகள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால் தகடுகள் உதவிக்கு வரா. அதே அறிக்கையில் யூட்டாவின் சயான் தேசியப் பூங்கா வரவேற்பு மையம் ஆற்றலில் 65 விழுக்காடும் செலவில் 67 விழுக்காடும் சேமித்ததாகப் பதிவாகியிருக்கிறது. அங்கே உச்சத் தேவையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு வடிவமைப்பிலேயே இருந்தது. ஆற்றல் சேமிப்பில் ஓபர்லினுக்குப் பின்னால் நிற்கும் கட்டடம், செலவில் அதை வெகுதூரம் முந்திவிடுகிறது.

ஆண்டு மொத்தத்தை வைத்து வெற்றி தோல்வி பேசும் இரு முகாமும் ஒரே பிழையைச் செய்கின்றன என்றே தோன்றுகிறது. மின்வலையின் பார்வையில் முக்கியமான அளவு எப்போது எவ்வளவு இழுக்கிறது என்பது. அதை மணிவாரியாகக் காட்டிய சான்று இந்தக் கட்டடத்திலிருந்து கிடைத்தது. குறைகூறிய இயற்பியல் பேராசிரியரின் கட்டுரைகளும் இங்கே நடந்த ஆய்வின் விளைபொருள்கள்தான். ஓர் ஆய்வு மையத்தின் மீதான கண்டனமே அதன் ஆய்வு வெளியீடுகளில் ஒன்றாக அமைந்துவிட்ட பிறகு, அது கல்வி நிலையமாகத் தோற்றது என்று சொல்வது கடினம்.

இன்னொரு சான்று கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. மையத்தின் மின், நீர் நுகர்வை உடனுக்குடன் திரையில் காட்டும் முறையைப் பேராசிரியர் ஜான் பீட்டர்சனும் மாணவர்களும் உருவாக்கினார்கள். 2005இல் அது கல்லூரி விடுதிகளுக்குப் போனது. இரண்டு வாரப் போட்டியில் விடுதிகளின் மின் நுகர்வு சராசரியாக 32 விழுக்காடு குறைந்தது. நுட்பமான விவரங்கள் உடனுக்குடன் கிடைத்த இரண்டு விடுதிகளில் 55 விழுக்காடு. நீரிலோ வெறும் 3 விழுக்காடு. விளக்கை அணைக்கும் கை குளிப்பதைச் சுருக்கவில்லை! இந்தக் கடைசி எண்ணை மறைக்காமல் வெளியிட்டிருப்பது ஆய்வின் மீது நம்பிக்கையைக் கூட்டுகிறது.

போட்டி முடிந்ததும் பழைய பழக்கம் திரும்பியிருக்கலாமே என்பது வழக்கமான மறுப்பு. இருக்கலாம்; கண்ணில் படும் அளவீடு நடத்தையை மாற்றும் என்ற கண்டுபிடிப்பை அது தொடவில்லை. வசதி படைத்த சிறு கல்லூரியின் அனுபவம் பிறருக்குப் பொருந்தாது என்ற வாதத்தில் அதைவிடவும் சாரம் குறைவு. மின்மானி விலையுயர்ந்த பொருளன்று.

2006இல் வாகன நிறுத்துமிடத்தின் மேல் 100 கிலோவாட் தகடுகள் சேர்ந்தன. அதன்பின் கட்டடம் நுகர்வைவிட அதிகம் உற்பத்தி செய்கிறது என்று கல்லூரி சொல்லி வருகிறது. இக்கூற்றும் ஆண்டு மொத்தத்தைப் பற்றியதே; ஜனவரிக் காலையின் உச்சத் தேவை பற்றி அது எதுவும் சொல்லவில்லை. பசுமைக் கட்டடங்களை ஆய்வு மையங்களாக அறிவிக்கும் பல்கலைக்கழகங்கள், ஆண்டு மொத்தத்தோடு மாதவாரி உச்சத் தேவையையும் வெளியிட வேண்டும். அதுவரை அவற்றின் நிகர எண்களை ஆய்வாளர்கள் சான்றாக ஏற்க வேண்டியதில்லை.